ஊத்தி மூடட்டும்

ஒரு கேம் ஊத்தி மூட வேண்டும் என்று மனசார வேண்டிக்கொள்கிறேன்.

காவேரிப்பட்டணத்தில் அப்பா பெங்களூரா மாங்காயைக் கூழ் ஆலைக்கு ஏற்றிவிட்டு, பணம் வந்துவிட்டதா என்று அவர் போனில் பார்க்கச் சொன்னார். வந்திருந்தது. அப்புறம் 449, 449, 899 என்று வரிசையாகப் போயும் இருந்தது. அக்கா மகன்தான், போனில் ஆடுகிற கேமுக்குக் கட்டியிருக்கிறான். (பின் நம்பரே அவன் பிறந்த வருடம்!)

"பெட்டியைத் திறந்தா வாள் வரும் மாமா."

வந்துச்சா?

"தொப்பிதான் வந்துச்சு."

திருவிழாவில் வளையம் எறிகிற கடையில்கூட சோப்பு டப்பா கண்ணெதிரே இருக்கும். இங்கே அதுவும் இல்லை; காசு கட்டிப் பெட்டியைத் திறந்த பிறகுதான் உள்ளே என்ன இருக்கிறது என்றே தெரியும். 2018-இல் பெல்ஜியம் இந்த மாதிரிப் பெட்டிகளைச் சூதாட்டம் என்றே சொல்லிவிட்டது. 2017-இல் ஸ்டார் வார்ஸ் பேட்டில்ஃபிரண்ட் 2 என்ற கேம், காசு கொடுத்து வாங்கியவர்களுக்கே டார்த் வேடர் என்ற பெரிய வில்லனைப் பூட்டி வைத்தது. ஆடுகிறவர்கள் கொதித்த கொதிப்பில், வெளியீட்டுக்கு முந்தின நாள் கேமுக்குள் நடக்கும் விற்பனையை நிறுத்தினார்கள்.

அந்த வாளை வரைந்தவனுக்கு வேலை போய்விடுமே என்று ஒரு கணம் தோன்றுகிறது. பெட்டிக்குள் போடச் சொன்னது அவன் இல்லை. சரி, அவனுக்கு வேறு நல்ல கம்பெனி கிடைக்கட்டும்.

அப்பாவிடம் இன்னும் சொல்லவில்லை. "ஆலைக்காரன் குறைச்சுப் போட்டுட்டானா?" என்று இரண்டு தடவை கேட்டுவிட்டார்.