மாந்தோப்பில் மாம்பழம் கேட்டோம்

கோடை விடுமுறைக்குக் கொடைக்கானல்தான் வேண்டும் என்று பிள்ளைகள் ஒற்றைக்காலில் நின்றார்கள். "இ-பாஸ் வாங்கி, மலைப்பாதையில முன்னாடி போற காரோட பின்பக்கத்தைப் பார்த்துட்டு வரவா?" என்று மாமா ஒரே போடாகப் போட்டார். "தேனிப் பக்கம் போவோம். தோட்டம், தோப்புன்னா என்னன்னு இதுங்க பார்க்கட்டும்." மாமா பேங்கில் விவசாயக் கடன் கொடுத்து ஓய்வு பெற்றவர். கடன் கொடுத்த நிலத்தையெல்லாம் தானே உழுததாக அவருக்கு நினைப்பு.

விடியற்காலையில் மதுரையை விட்டுக் கிளம்பி நேரே கம்பம் பள்ளத்தாக்கு. சுருளிப்பட்டியில் ஒரு திராட்சைத் தோட்டம். கல்தூண் நட்டுக் கம்பி இழுத்த பந்தலுக்குள் நுழைந்ததும் வெயில் போன இடம் தெரியவில்லை. கறுகறுவென்று பன்னீர் திராட்சை முகத்துக்கு நேரே தொங்குகிறது. 2023-ல் புவிசார் குறியீடு வாங்கிய சரக்கு! நாசிக் பக்கம் வருஷத்துக்கு ஒரு அறுப்புதான். இங்கே தோட்டத்துக்குத் தோட்டம், கொடியை வெட்டிவிட்டுக் கவாத்து செய்யும் நேரம் மாறுவதால் எந்த மாசம் போனாலும் எங்காவது பழம் இருக்கும். என் வீட்டுக்காரர் ஆறடிக்கு மேல். மனிதர் கடைசிவரை நிமிரவே இல்லை.

அத்தையின் கவலை வேறு. "மதுரை மாட்டுத்தாவணி மார்க்கெட்லயே இந்த விலைக்குத் தர்றாங்க. தோட்டத்துக்கே வந்திருக்கோம், குறைக்கக் கூடாதா?"

"டீசல் நீங்க போட்டீங்க, நான் எப்படிம்மா குறைக்கிறது?" என்றார் தோட்டக்காரர். பிறகு மனசு கேட்காமல் ஒரு கொத்தைச் சேர்த்துப் போட்டார். அத்தை முகத்தில் அன்றைக்கு முதல் சிரிப்பு.

திரும்பும் வழியில் பெரியகுளம் பக்கம் ஒரு மாந்தோப்பு. மாம்பழம் தின்றே ஆக வேண்டும் என்று மதியச் சாப்பாட்டைக் குறைத்துக்கொண்டு வந்திருந்த பிள்ளைகள் அண்ணாந்து பார்த்தால், மரமெல்லாம் பச்சைக் காய்.

"பழம் எங்கண்ணே?"

"தோப்புல ஏதும்மா பழம்?" என்று குத்தகைக்காரர் சிரித்தார். காய் முற்றியதும் காம்போடு பறித்து வைக்கோலில் அடுக்கிவிடுவார்களாம். காம்பு ஒடிந்து பால் வழிந்தால் தோல் கறுத்துவிடும். மரத்திலேயே பழுக்கட்டும் என்று விட்டால் அணிலுக்கும் வவ்வாலுக்கும்தான் விருந்து. என் மகன் கீழே கிடந்த அணில் கடித்த பழத்தையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"காய் பறிக்கிறது ஒரு கலைடா" என்று மாமா தொரட்டியை வாங்கினார். ஒரு கொப்பை வளைத்து இழுத்தார். மூன்று நான்கு இலைகளைச் சேர்த்துத் தைத்த மாதிரி ஒரு பச்சை உருண்டை 'பொத்'தென்று அவர் தோளில் விழுந்து பிரிந்தது. உள்ளே முழுக்க முசுறு! சட்டைக்குள் இறங்கிய எறும்பு வேட்டிக்கும் போய்விட்டது. மாமா அன்றைக்குப் போட்ட ஆட்டத்தை எழுத எனக்கு உரிமை இல்லை. மருமகள் என்று ஒரு மரியாதை இருக்கிறது. வேட்டி மோட்டார் ரூம் வாசலில் கிடந்தது என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

"கூட்டைக் கலைச்சுப்புட்டீங்களேய்யா" என்று குத்தகைக்காரருக்கு உண்மையிலேயே வருத்தம். முசுறு இருக்கிற மரத்தில் பூச்சித் தொல்லை குறைவாம். "இது கடன் கேட்க வந்தவங்க யாரும் சொல்லலையே" என்று முதுகைச் சொறிந்துகொண்டே சொன்னார் மாமா.

இமாம்பசந்த் ஒரு பெட்டி, காயாகவே வாங்கி வந்து ஸ்டோர் ரூமில் வைக்கோல் பரப்பி வைத்தோம். சொந்தக்காரர்களுக்குக் கொடுக்க அத்தை கணக்குப் போட்டிருந்தார். மாமாவோ காலையில் பல் தேய்ப்பதற்கு முன் ஒரு தரம், ராத்திரி மாத்திரை போட்ட பிறகு ஒரு தரம் என்று ஒவ்வொரு காயாக எடுத்து அமுக்கிப் பார்த்துப் பழுத்துவிட்டதா என்று சோதித்தார். ஒருவழியாகப் பழுத்தது. வாசனை தெரு வரைக்கும் போனது. ஆனால் ஒரு பழம் பாக்கியில்லாமல் மாமாவின் கட்டைவிரல் பள்ளம்.

"இதை எந்த முகத்தோட யாருக்குக் குடுக்கிறது?" என்று அத்தை தலையில் அடித்துக்கொண்டார். பிள்ளைகள் அதற்குள் தட்டு எடுத்து வந்துவிட்டார்கள்.