கழுகு பார்க்க விடியலில் ஓட வேண்டாம்

தேசியப் பூங்காவுக்குக் கிளம்புகிற எல்லோருக்கும் கிடைக்கும் அறிவுரை, விடியும் முன்னே வாசலில் நிற்க வேண்டும் என்பதுதான். மானுக்கும் சிறு பறவைகளுக்கும் அது பொருந்தும். கழுகுக்குப் பாதிதான் பொருந்தும். விடிந்து இரண்டு மணி நேரம் வானத்தை அண்ணாந்து பார்த்துவிட்டு, 'இங்கே கழுகே இல்லை' என்று கிளம்புகிறவர்கள் அநேகம். அவர்கள் வண்டி ஏறும்போதுதான் பறவை மேலே ஏறத் தொடங்கும்.

காரணம் எடை. பொன்னிறக் கழுகு போன்ற பெரிய இனங்களுக்கு இறக்கை விரிப்பு சுமார் 2 மீட்டர், உடல் எடை நாலைந்து கிலோ. அந்த உடம்பை இறக்கையடித்தே தூக்கிக்கொண்டு திரிந்தால் தின்றது பறப்பதற்கே செலவாகிவிடும். அதனால் வெயில் தரையைச் சூடாக்கி, சூடான காற்று மேலெழும் வரை மரத்திலோ பாறையிலோ உட்கார்ந்திருக்கும். வெயில் நன்றாக அடிக்கும் நாளில், சூரியன் உதித்து இரண்டு மூன்று மணி நேரத்துக்குப் பிறகு முதல் வட்டமிடலை எதிர்பார்க்கலாம். அடுத்த இரண்டு மணி நேரம்தான் நமக்கான நேரம். பறவை மேலே வந்துவிட்டது, இன்னும் அடையாளம் காணும் உயரத்தில் இருக்கிறது. நடுப்பகலில் புள்ளியாகிவிடும்.

இடத்தையும் வெயிலே சொல்லிவிடும். வெறும் பாறைச்சரிவும் காய்ந்த புல்வெளியும் சீக்கிரம் சூடாகும். நீர்ப்பரப்பும் அடர்காடும் தாமதமாகத்தான். ஆகவே காலையில் வெயில் நேராக விழும் கிழக்குச் சரிவை முதலில் பாருங்கள். வானில் புதிதாகப் பஞ்சுப்பொதி போல ஒரு மேகம் திரண்டால் அதன் அடிப்பகுதியைத் துழாவுங்கள். மேலெழும் காற்றின் உச்சியில்தான் அது உருவாகிறது. காற்று பலமான நாளில் கணக்கே வேறு. மலைமுகட்டில் மோதும் காற்று மேல்நோக்கித் திரும்பும், கழுகு அதில் ஏறி முகட்டை ஒட்டியே நாள் முழுக்க வழுக்கிக்கொண்டு போகும்.

மீன் பிடிக்கும் கழுகுகள் விதிவிலக்கு. வெண்தலைக் கழுகுக்கோ ஆப்பிரிக்க மீன்கழுகுக்கோ போகிறீர்கள் என்றால் விடியலே நல்லது. கரையோரத்தில் இருப்பதிலேயே உயரமான, உச்சி பட்டுப்போன மரங்களை ஒவ்வொன்றாகப் பாருங்கள். மழை விட்டதும் இறக்கையைப் பாதி விரித்துக் காயப்போட்டபடி உட்கார்ந்திருப்பதும் அங்கேதான்.

பைனாகுலர் 8x42 போதும். எட்டு மடங்கு பெருக்கம், 42 மில்லிமீட்டர் முன்லென்ஸ். பன்னிரண்டு மடங்கு வாங்கினால் பறவை பெரிதாகத் தெரியும் என்பது உண்மை. கை நடுக்கமும் பன்னிரண்டு மடங்காகும், காட்சிப் பரப்பு குறுகும், வானத்தில் எதையும் பிடிக்க முடியாது. அதைவிட அடிக்கடி நடக்கும் தவறு, பக்கத்துக் கிளையில் குருவி பார்த்த ஃபோகஸிலேயே வானத்தைத் துழாவுவது. கழுகு காட்சிக்குள் வந்து போயிருக்கும். மங்கலான தூசியாக வந்திருப்பதால் கண் அதைக் கணக்கில் எடுத்திருக்காது. வெறும் நீல வானத்தில் கண்ணுக்குப் பிடிமானம் கிடையாது. முதலில் தூரத்து முகட்டையோ மேக விளிம்பையோ கூர்மையாக்கிக்கொள்ளுங்கள். பிறகு முகட்டுக் கோட்டின் மேலே மெதுவாக நகர்த்துங்கள், ஒவ்வொரு நகர்வும் முந்தைய காட்சியில் பாதியை மறுபடி தொடும்படி. ஒரு சுற்று முடிந்ததும் கொஞ்சம் உயர்த்தி அடுத்த சுற்று. வெறுங்கண்ணில் பறவை பட்டுவிட்டால் பார்வையை எடுக்காமல் பைனாகுலரைக் கண்ணுக்குக் கொண்டுவர வேண்டும். குனிந்து அதைத் தேடினால் போச்சு. சூரியன் இருக்கும் பக்கம் துழாவவே வேண்டாம், கண் கெட்டுவிடும்.

இனி பெரிய சிக்கல். வட்டமிடுவதெல்லாம் கழுகு அல்ல. பேச்சுவழக்கில் பருந்து, பாறு (பிணந்தின்னிக் கழுகு), கழுகு மூன்றையும் கலந்தே சொல்கிறோம், வானத்திலோ மூன்றும் வேறு. கரும்பருந்தின் வால் நுனி பிளந்திருக்கும், ஆனால் திரும்பும்போது வாலை விரித்தால் பிளவு மறைந்து நேர்க்கோடாகிவிடும். ஒரே பார்வையில் முடிவு கட்டாமல், நேராகப் போகும் வரை காத்திருங்கள். பருந்து வாலைச் சுக்கான் மாதிரி ஓயாமல் முறுக்கிக்கொண்டே இருக்கும். கழுகு அப்படிச் செய்வதில்லை. பாறுக்குத் தலை சிறுத்து, வால் குட்டையாகத் தெரியும். கழுகுக்குத் தலை துருத்தி நிற்கும், இறக்கை நுனி விரல்களாகப் பிரிந்திருக்கும்.

நிறத்தை நம்பாதீர்கள், வானப் பின்னணியில் எல்லாமே கறுப்பு. பறவை நேராக நம்மை நோக்கி வரும்போது இறக்கை எப்படி நிற்கிறது என்று பாருங்கள். பொன்னிறக் கழுகு லேசாக மேல்நோக்கி விரித்த 'V' வடிவில் பிடிக்கும், வெண்தலைக் கழுகு பலகை வைத்தாற்போல் தட்டையாக. வெண்வயிற்றுக் கடற்கழுகுக்கும் நல்ல 'V' உண்டு, கூடவே குட்டையான ஆப்பு வால். ஆப்பிரிக்கப் புல்வெளிகளில் பறக்கும் பேட்லர் கழுகு இருப்பதிலேயே சுலபம்: முதிர்ந்த பறவைக்கு வால் இல்லாததுபோலவே தெரியும், கால்கள் வாலைத் தாண்டி நீட்டிக்கொண்டிருக்கும். இளம் வெண்தலைக் கழுகுதான் ஏமாற்றும். தலை வெளுக்க நாலைந்து வருடம் ஆகும், அதுவரை பழுப்புத் திட்டுகளோடு பொன்னிறக் கழுகு போலவே இருக்கும். உட்கார்ந்திருந்தால் காலைப் பாருங்கள்: விரல் வரை இறகு மூடியிருந்தால் பொன்னிறக் கழுகு, கீழ்க்கால் மஞ்சளாக வெறுமனே இருந்தால் வெண்தலை.

அளவு குழப்பினால் காக்கைகள் உதவும். கழுகைத் துரத்தி மேலிருந்து கொத்த வராமல் அவற்றால் இருக்க முடியாது, பக்கத்தில் பறக்கும் காக்கையே அளவுகோல். காக்கைக் கூச்சல் கேட்டதும் வானத்தைப் பார்ப்பது எந்தக் கருவியையும்விடப் பயனுள்ள பழக்கம்.

படம் எடுப்பவர்களுக்கு இரண்டே விஷயம். ஷட்டர் 1/2000 நொடி, வெளிச்சத்தை ஒரு ஸ்டாப் (கேமராவின் எக்ஸ்போஷர் அளவில் +1) கூட்டி வையுங்கள். இல்லாவிட்டால் கேமரா வானத்துக்கு அளந்து பறவையை நிழலாக்கிவிடும். நண்பகலில் படம் கலங்கி வந்தால் லென்ஸைக் குறை சொல்லாதீர்கள், தரையிலிருந்து எழும் அனல் அது.

கூடு கண்ணில் பட்டால் பூங்கா சொல்லும் தூரத்துக்கு வெளியிலேயே நில்லுங்கள். அமெரிக்காவில் வெண்தலைக் கழுகுக் கூட்டுக்கு, இனப்பெருக்கக் காலத்தில் நடந்துபோகிறவர்கள் விட வேண்டிய வழிகாட்டித் தூரம் 330 அடி, ஏறக்குறைய 100 மீட்டர். விதியில் இல்லாததைப் பறவையே சொல்லும். இறகு கோதிக்கொண்டிருந்தது சட்டென நிறுத்தி உங்களையே பார்க்கும். கழுத்தை நீட்டும். அப்புறம் முன்னே சாய்ந்து, வாலைத் தூக்கி எச்சமிடும். அதன் பிறகு பறக்க நொடிகள்தான். கழுத்து நீண்டபோதே பின்வாங்கியிருக்க வேண்டும். தாய் எழுந்து போனால் முட்டை குளிரும், வெயிலில் என்றால் வெந்துவிடும். வண்டியில் இருந்தால் இறங்காதீர்கள்: வண்டியைச் சட்டை செய்யாத கழுகு, கதவு திறந்து ஓர் ஆள் நின்றதும் கிளம்பிவிடும்.