பரணங்கானம் படியில என் பொண்ணோட கால்

போன ஜூலையில ஒருவழியா கேரளாவுல பரணங்கானத்துல இருக்குற புனித அல்போன்சம்மா கல்லறைக்குப் போயி அம்மாவோட நேர்ச்சைய நிறைவேத்திட்டு வந்தோம், நாலரை வருஷ நேர்ச்சை. பாப்பா பிறந்தப்போ ரெண்டு பாதமும் உள்பக்கமா வளைஞ்சு இருந்துச்சு, நர்ஸ் துணிய விலக்கிக் காட்டுனதுமே நான் அழ ஆரம்பிச்சுட்டேன். அம்மா மட்டும் அந்தப் பாதத்த ரெண்டு கைக்குள்ளயும் பொத்தி வச்சுகிட்டு, "அல்போன்சம்மா, இவ தன் காலால நடந்து வந்து ஒன் கல்லறைப் படி ஏறணும்"னு அங்கயே நேர்ந்துகிட்டாங்க.

ஏன் அல்போன்சம்மான்னா, அவங்க வாழ்க்கையே கால்ல பட்ட வேதனையில இருந்துதான் தொடங்குது. 1910ல குடமாளூர்ல பிறந்த அன்னக்குட்டி, அதான் மடத்துக்குப் போறதுக்கு முன்னாடி அவங்க பேரு, பிறந்த கொஞ்ச நாள்லயே தாய இழந்து முட்டுச்சிறையில பெரியம்மா வீட்டுல வளந்த பொண்ணு. கல்யாணப் பேச்சு வந்தப்போ, கால்ல காயம் பட்டா யாரும் கட்ட மாட்டாங்க, மடத்துக்குப் போயிரலாம்னு 13 வயசுல உமி எரியிற குழியில கால விட்டாங்க. பாதம் வெந்துபோச்சு. அத நினைச்சா இப்பவும் எனக்கு உடம்பு கூசும். புனிதர் பட்டத்துக்கு ஏத்துகிட்ட அற்புதமும் பிறவியிலயே கால் வளைஞ்ச ஒரு குழந்தைக்கு நடந்ததுதான். 2008 அக்டோபர் 12ல ரோமுல பட்டம் குடுத்தப்போ அம்மா டிவி முன்னாடி முழங்கால்ல நின்னது எனக்கு ஞாபகம் இருக்கு.

வைத்தியமும் ஒழுங்கா பாத்தோம், அத சொல்லியே ஆகணும். வாரா வாரம் மாவுக்கட்டு, பிரிச்சு, கொஞ்சம் திருப்பி, மறுபடி கட்டு, அப்புறம் குதிங்காலுக்கு மேல தசைநாருல சின்னதா ஒரு கீறல், அதுக்கப்புறம் நடுவுல கம்பி வச்ச ஷூ, மொத மூணு மாசம் கிட்டத்தட்ட நாள் முழுக்க, பிறகு தூங்கும்போது மட்டும், நாலு வயசு வரைக்கும். டாக்டர் பண்ணதா அல்போன்சம்மா பண்ணதான்னு கேக்குறாங்க சிலர். கட்டு மாத்தப் போற ஒவ்வொரு செவ்வாயும் பஸ்ல அம்மா செபமாலை சொல்லிகிட்டேதான் வருவாங்க, எனக்கு ரெண்டையும் பிரிக்கத் தெரியல, பிரிக்கவும் வேணாம்.

கம்பத்துல இருந்து விடியக்காலம் கெளம்பி குமுளி, குட்டிக்கானம், வாகமண் வழியா ஈராட்டுப்பேட்டை எறங்குனோம், வழியெல்லாம் மழை. அங்கருந்து பாலா போற ரோட்டுலதான் பரணங்கானம். ஜூலை 28 திருவிழா வர்ற சமயம்கிறதால நல்ல கூட்டம், அல்போன்சம்மா மாதிரியே சிஸ்டர் உடுப்பு போட்ட சின்னப் பிள்ளைங்க வேற, அதுகள பாத்ததும் பாப்பாவுக்கு ஒரே சந்தோசம்.

படிக்கிட்ட வந்ததும் அவ அப்பா தூக்கப் போனாரு, அம்மா கைய நீட்டி தடுத்துட்டாங்க. ஈரப்படி, கூட்டம், எனக்கு பயமாத்தான் இருந்துச்சு. ஒவ்வொரு படியா, ஒரு கால வச்சு மறு கால அதே படிக்குக் கொண்டு வந்து, கைப்பிடிய விடாம ஏறுனா. நடுவுல ஒருதடவ நின்னு திரும்பி "அம்மாச்சி, வாங்க"ன்னா. அம்மாவால ஏற முடியல, முட்டிவலியால இல்ல, கண்ணு தெரியாத அளவு அழுகை.

கல்லறை ரொம்ப எளிமையா இருக்கு. 1946ல 35 வயசுல இறந்தப்போ வெளிய பெருசா யாருக்கும் தெரியாத சிஸ்டர், அந்தக் கல்லறைய மொதல்ல தேடி வந்ததே பள்ளிக்கூடப் பிள்ளைங்கதானாம். பக்கத்து மடத்துல அவங்க நோயில கிடந்த அறையையும் பாத்தோம், எத்தனை வருஷம் அந்தச் சின்ன இடத்துல வலியோட இருந்திருக்காங்கன்னு நினைச்சப்போ எனக்குன்னு கேக்க வச்சிருந்ததெல்லாம் மறந்துபோச்சு. வரும்போது குடமாளூர்ல அவங்க பிறந்த வீட்டுலயும் கொஞ்ச நேரம் உக்காந்துட்டு வந்தோம்.

கல்லறை முன்னாடி அம்மா பையில இருந்து எடுத்தது மெழுகுதிரின்னு நெனச்சேன். பாப்பாவோட மொத கம்பி ஷூ, உள்ளங்கை அளவுதான் இருக்கும். கல்லறை மேல ஒரு நிமிசம் வச்சு செபம் சொல்லிட்டு மறுபடி பையில போட்டுகிட்டாங்க. இங்கயே வச்சுட்டுப் போலாமேன்னேன். "செவ்வாக்கிழமை ஆஸ்பத்திரிக்கு எந்தப் பிள்ளையாவது புதுசா வரும்டி, அதுக்கு வேணும்"னாங்க.