கிட்லிங்டன் நாட்குறிப்பு: டவுன் ஆக மாட்டேன் என்கிற ஊர்

செப்டம்பர் 1, 2024, ஞாயிறு

அம்மா போனில் மறுபடியும் அதே கேள்வி. "நீ இருக்கறது டவுனா, கிராமமா? பக்கத்து வீட்டு அக்கா கேக்கறா, சரியாச் சொல்லு." கிராமம்தாம்மா என்றேன். "ஏர்போர்ட் இருக்குன்னு சொன்னியே?" ஆமாம், இருக்கிறது. மூன்று கவுண்டிகளுக்கும் (மாவட்டங்களுக்கு மேலே இருக்கும் பிரிவு) சேர்த்து காவல் பார்க்கும் தேம்ஸ் வேலி போலீஸின் தலைமையகமும் இங்கேதான். 2011 கணக்கெடுப்பில் 13,723 பேர். ஆனாலும் ஆக்ஸ்ஃபோர்டுக்குப் பக்கத்திலிருக்கும் இந்தக் கிட்லிங்டன் கிராமம்தான். அம்மா நம்பவில்லை. நான் ஏதோ மறைக்கிறேன் என்று நினைத்துக்கொண்டாள்.

இங்கிலாந்திலேயே பெரிய கிராமம் என்று ஊர்க்காரர்கள் சொல்லிக்கொள்வார்கள். சர்ரேயில் கிரான்லி என்று ஓர் ஊர், அவர்களும் அதையே சொல்கிறார்கள். யார் பெரியவர் என்று முடிவு செய்ய நடுவர் யாரும் கிடையாது.

வேடிக்கை என்னவென்றால், டவுன் ஆவது இங்கே மிகச் சுலபம். 1972 உள்ளாட்சிச் சட்டப்படி, ஒரு பாரிஷ் கவுன்சில் (நம் ஊர்ப் பஞ்சாயத்து மாதிரி) உட்கார்ந்து "இனி நாங்கள் டவுன்" என்று தீர்மானம் போட்டால் போதும். லண்டனில் யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம். கவுன்சில் தலைவர் மறுநாளே மேயர். அந்தப் பதவிக்கு ஆசைப்படாத அரசியல்வாதிகள் இருக்கிறார்கள் என்பதே எனக்கு ஆச்சரியம். பேச்சு வந்தபோதெல்லாம் இந்த ஊர் வேண்டாம் என்றே சொல்லி வந்திருக்கிறது.

ஆனால் டவுன் ஆனாலும் ஒன்றும் மாறாது. குப்பை எடுப்பது செர்வெல் மாவட்ட கவுன்சில், சாலையும் பள்ளிக்கூடமும் ஆக்ஸ்ஃபோர்ட்ஷயர் கவுண்டி கவுன்சில். பாரிஷுக்கு மிஞ்சுவது விளையாட்டு மைதானம், பெஞ்ச், தோட்டத் துண்டுகள், இந்த மாதிரி. அப்படியானால் எதற்கு இவ்வளவு பிடிவாதம்?

செப்டம்பர் 5, வியாழன்

மழை. 2-ஆம் எண் பஸ்ஸில் மாடியில் முன்சீட் கிடைத்தது. ஆக்ஸ்ஃபோர்டிலிருந்து வரும்போது வீடுகள் முடிந்து, கொஞ்ச தூரம் வயலும் மரமுமாக வரும். அதற்கப்புறம் செயின்ஸ்பரீஸ் சூப்பர்மார்க்கெட் ரவுண்டானா, நம் ஊர். நடுவில் வரும் அந்தப் பச்சைக்கு "கிட்லிங்டன் இடைவெளி" என்று பெயரே உண்டு. பஸ்ஸில் சில நிமிஷம்கூட ஆகாது. ஞாயிறன்று கேட்ட கேள்விக்குப் பாதி பதில் இதில் இருக்கிறது என்று இன்றைக்குத் தோன்றியது. அந்தப் பச்சை போய்விட்டால் நாம் ஆக்ஸ்ஃபோர்டின் வால். இருக்கும்வரைக்கும் தனி ஊர்.

போய்க்கொண்டேதான் இருக்கிறது. ஆக்ஸ்ஃபோர்டுக்குள் இடமில்லை என்று, 2020-இல் செர்வெல் மாவட்டம் ஏற்றுக்கொண்ட திட்டத்தில் கிட்லிங்டன், பெக்புரோக், யார்ன்டன் பக்கம் 4,400 வீடுகள். ஆக்ஸ்ஃபோர்ட் யுனைடெட் கால்பந்துக் கிளப்பும் 16,000 இருக்கை போட்டு ஸ்டேடியம் கட்ட இங்கேதான் விண்ணப்பித்திருக்கிறது. ஊரிலிருக்கும் கைக்குழந்தையிலிருந்து கிழவர்வரை கூட்டிக்கொண்டுபோய் உட்காரவைத்தாலும் இரண்டாயிரம் நாற்காலி காலியாக இருக்கும். பஸ் ஸ்டாப்பில் ஸ்டேடியம் என்று வாயைத் திறந்தால் போதும், இரண்டு கட்சி ஆகிவிடுகிறது. நான் எந்தக் கட்சி என்று இங்கே எழுதப் போவதில்லை. இரண்டு பக்கமும் பக்கத்து வீடு இருக்கிறதே.

செப்டம்பர் 8, ஞாயிறு

சர்ச் ஸ்ட்ரீட் வரை நடை. கிட்லிங்டன் என்றால் கடைத்தெருவும் 1930-களுக்குப் பிறகு வந்த வீட்டு வரிசைகளும்தான் என்று நினைப்பவர்களை இங்கே கூட்டிவர வேண்டும். கல் வீடுகள், குனிந்து நுழையும் கதவுகள், கோடியில் செயின்ட் மேரி தேவாலயம். அதன் ஊசிக் கோபுரத்துக்கே "மாதாவின் ஊசி" என்று பெயர்.

போகும் வழியில் ஒரு வரிசை வீடு. கதியற்ற முதியவர்களுக்காக 1671-இல் சர் வில்லியம் மார்ட்டன் கட்டியது. உள்நாட்டுப் போரில் ராஜா பக்கம் நின்றவர். ஜன்னல்களுக்கு மேலே அவருடைய பிள்ளைகளின் பெயர்களைக் கல்லில் வெட்டியிருக்கிறார்கள். ஒரு ஜன்னலுக்கு ஒரு பிள்ளை. கட்டிடத்துக்குத் தன் பெயரை வைத்துக்கொள்பவர்களைப் பார்த்திருக்கிறேன், இப்படி ஜன்னல் ஜன்னலாகப் பங்கு போட்டவரை இங்கேதான். குடை பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன். உள்ளே திரைச்சீலை அசைந்ததும் நகர்ந்துவிட்டேன்.

செப்டம்பர் 11, புதன்

காத்திருப்புப் பட்டியலில் என் பெயர் மேலே வந்துவிட்டது! அலாட்மென்ட், அதாவது காய்கறி போட வாடகைக்குத் தரும் தோட்டத் துண்டு. பாதித் துண்டு எனக்கு. அளவு என்ன என்று கேட்டால் "ஐந்து போல்" என்றார்கள். மீட்டர் இல்லை, அடி இல்லை, போல். பதினாறரை அடிக்குப் பதினாறரை அடி சதுரம் ஒரு போலாம். முழுத் துண்டு பத்து போல்.

யாழ்ப்பாணத்துத் தோழியிடம் சொன்னேன். "அது பேர்ச்தானே! கொழும்பில காணி எல்லாம் பேர்ச் கணக்கிலதான் விக்கிறவை" என்றாள். பார்த்தால் அதே அளவுதான், பெயர்தான் வேறு. இங்கிலாந்துக்காரன் கொண்டுபோய் அங்கே விட்டுவிட்டு வந்தது. அம்மாவுக்குப் புரிய வேண்டுமானால், என் பங்கு மூன்று சென்ட்டும் கொசுறும். "மூணு சென்ட்ல என்ன போடுவே?" என்றாள். முதலில் களை எடுக்க வேண்டும், இடுப்பு உயரம் நிற்கிறது.

செப்டம்பர் 14, சனி

வெயில்! கால்வாய்க் கரையோடு த்ரப் என்கிற குக்கிராமம் வரை. ஆக்ஸ்ஃபோர்ட் கால்வாய் 1790-இல் முழுசாகத் திறந்தது, நிலக்கரிக்காக. இப்போது ஜன்னலில் ஜெரேனியம் வைத்த படகு வீடுகள். த்ரப்பில் ஒரு தூக்குப்பாலம் உண்டு. படகு வந்தால் ஒரு பக்கமாகத் தூக்கிக்கொள்ளும், கார்கள் காத்திருக்க வேண்டும். இன்றைக்கு ஒரு படகுக்கு நான்கு கார் நின்றன, ஒருவரும் ஹாரன் அடிக்கவில்லை. படகுக்காரர் அவசரமே இல்லாமல், நாய்க்குட்டியை உள்ளே விட்டுவிட்டுத்தான் கிளப்பினார்.

இன்னும் கொஞ்சம் வடக்கே போனால் ரயில் பாலம் வரும். 1874 டிசம்பர் 24, கிறிஸ்துமஸுக்கு ஊர் போகிற கூட்டம். கூட்டம் அதிகம் என்று ஆக்ஸ்ஃபோர்டில் ஒரு பழைய பெட்டியை எஞ்சினுக்குப் பின்னால் மாட்டினார்கள். அதன் சக்கரத்தின் இரும்பு வளையம் உடைந்தது. டிரைவர் பிரேக் போட, முன்னால் வேகம் குறைந்தது, பின்னால் வந்த பெட்டிகள் இடித்துத் தள்ள, ரயில் சரிவில் உருண்டது. 34 பேர் இறந்துபோனார்கள். கரையில் நின்றால் இன்று வாத்துகள்தான்.

செப்டம்பர் 17, செவ்வாய்

பென்மீட் ரோடு வழியாக வந்தேன். இந்த ஊர் உலகச் செய்தியில் வந்ததே இந்தத் தெருவால்தான். 2016 கோடையில் பஸ் பஸ்ஸாகச் சீனச் சுற்றுலாப் பயணிகள் வந்து இறங்கி, வேலியையும் புல்வெளியையும் வாசலில் நிற்கும் காரையும் படம் எடுத்துக்கொண்டு போனார்கள். ஏன் என்று யாருக்கும் தெரியவில்லை. ஏதோ சினிமாவில் வந்த தெரு என்று நினைக்கிறார்கள் என்று ஒரு வதந்தி. காரணம் பிறகு வெளியே வந்தது. பிளெனம் அரண்மனைக்குக் கூட்டிப்போக, பயணக் கட்டணத்துக்கு மேல் 68 டாலர் கேட்பார்களாம். தர மறுத்தவர்களை அரண்மனை வாசலில் விட்டால் சொந்தமாக டிக்கெட் வாங்கிக்கொண்டு உள்ளே போய்விடுவார்களே! அதனால் நடந்து போக முடியாத தூரத்தில் கொண்டுவந்து இறக்கினார்கள்.

பக்கத்து வீட்டுப் பெரியவரிடம் இதைச் சொன்னால் இன்றும் முகம் சுருங்குகிறது. "அழகாக இருக்கிறதென்று வந்தார்கள் என்றே நான் நினைத்துக்கொண்டிருந்தேன்" என்றார். அவர் புல்வெளியை அதற்காகவே அந்த வருஷம் வாரம் இரண்டு தடவை வெட்டினாராம்.

செப்டம்பர் 23, திங்கள்

ராத்திரி முழுக்கக் கொட்டித் தீர்த்தது. அலாட்மென்ட்டில் என் ஐந்து போலில் இரண்டு போல் தண்ணீர். களை மட்டும் தலை நிமிர்ந்து நிற்கிறது.

செப்டம்பர் 28, சனி

லாங்ஃபோர்ட் லேன். விமான நிலையத்துக்கு "லண்டன் ஆக்ஸ்ஃபோர்ட்" என்று பெயர். லண்டன் இங்கிருந்து அறுபது மைல். நம் ஊர்ப் பெயரை எங்கேயும் காணோம், பெயர்ப்பலகைக்குக் கிராமம் ஆகாது போல. போர்க்காலத்தில் இது கிட்லிங்டன் என்றே இருந்தது. 1941 ஜனவரி 5 அன்று, உலகப் புகழ் பெற்ற விமானி ஏமி ஜான்சன் ஒரு விமானத்தைக் கொண்டுவந்து சேர்க்க வேண்டிய இடம் இதுதான். மோசமான வானிலையில் திசை தப்பி, தேம்ஸ் முகத்துவாரத்தில் விழுந்தார். உடல் கிடைக்கவே இல்லை.

நிலையத்தை ஒட்டி கேம்ப்ஸ்ஃபீல்ட் ஹவுஸ். 1993-இலிருந்து 2018 வரை, குடியேற்றக் காகிதம் சரியில்லாதவர்களையும் அடைக்கலம் கேட்டு வந்தவர்களையும் அடைத்து வைத்த இடம். அந்த இருபத்தைந்து வருஷமும் மாதக் கடைசிச் சனிக்கிழமை மதியம் இந்த வாசலில் சிலர் வந்து நின்று, மூடு என்று குரல் கொடுத்திருக்கிறார்கள். மூடினார்கள். போன மாதம், மறுபடி திறக்கப் போவதாக அரசு உறுதியாகச் சொல்லிவிட்டது. இன்றைக்கும் கடைசிச் சனிதான், அது வேலியருகில் வந்த பிறகுதான் உறைத்தது. நான் போனபோது வாசலில் ஆள் இல்லை. நான் விசா நீட்டிப்புக்காகக் காகிதம் அடுக்கிய நாட்கள் ஞாபகம் வந்தது. எனக்கு அடுக்க முடிந்தது, அவ்வளவுதான் வித்தியாசம். தலைக்கு மேலே ஒரு பயிற்சி விமானம் தரையைத் தொட்டுத் தொட்டு எழும்பிக்கொண்டிருந்தது.

திரும்பும்போது ஹை ஸ்ட்ரீட்டில் நடுவதற்குப் பூண்டு வாங்கினேன். கடைப் பூண்டை நடக்கூடாது, நோய் வரும், விதைப் பூண்டு தனியாக விற்கும் என்று பக்கத்துத் துண்டுக்காரர் பத்து நிமிஷம் வகுப்பெடுத்தார். சரி என்றேன். வாங்கினது ரசத்துக்கு.