புடோகான் கூரை ஒருவழியாக உட்கார்ந்தது (1:300 அட்டை மாடல்)

கூரை உட்கார்ந்துவிட்டது. எட்டுத் துண்டுகளும் எட்டு மூலையில் வந்து நின்றன. உச்சியில் மயிரிழை இடைவெளிகூட இல்லை. டார்ச் அடித்துப் பார்த்தேன், எங்கேயும் வெளிச்சம் கசியவில்லை. இந்தத் தெம்பில்தான் இதை எழுதுகிறேன்.

டோக்கியோவின் நிப்பொன் புடோகான் உள்ளரங்கத்தை அட்டையில் 1:300 அளவில் கட்டிக்கொண்டிருக்கிறேன். சுவரும் உள்ளே உள்ள இருக்கை அடுக்குகளும் எப்போதோ முடிந்துவிட்டன. அவற்றைப் பற்றிச் சொல்ல பெரிதாக ஒன்றுமில்லை, வெட்டி ஒட்டும் வேலைதான். கூரை இல்லாவிட்டால் புடோகான் வெறும் எண்கோண டப்பா. அதனால்தான் இதுவரை யாருக்கும் படம் அனுப்பாமல் இருந்தேன்.

இந்தக் கட்டடம் 1964 ஒலிம்பிக் ஜூடோவுக்காகக் கட்டப்பட்டது. ஜூடோ ஒலிம்பிக்கில் நுழைந்ததே அந்த முறைதான். வடிவமைத்தவர் யமதா மமோரு. கியோட்டோ டவரும் அவருடையதுதான், அதுவும் அதே ஆண்டு. நாரா பக்கம் ஹோர்யூஜி கோயிலில் யுமெதோனோ என்ற பழைய எண்கோண மண்டபம் இருக்கிறது. புடோகானின் வடிவம் அங்கிருந்து வந்தது. கூரையின் சரிவு ஃபூஜி மலையின் அடிவாரச் சரிவு என்பார்கள். அடியில் படர்ந்து, மேலே போகப் போகச் செங்குத்தாகும் சரிவு அது. நம் உயிரை எடுப்பதும் அதேதான்.

சமதளத் துண்டுகளாக இருந்தால் எட்டு முக்கோணம் வெட்டி ஒட்டிவிட்டுப் போகலாம். இங்கே ஒவ்வொரு துண்டும் நீளவாக்கில் குழிந்து வளைகிறது, அகலவாக்கில் நேராக இருக்கிறது. நல்ல வேளை, ஒரே திசை வளைவு என்பதால் காகிதம் இதற்கு ஒத்துக்கொள்ளும். வெட்டும் வடிவம்தான் முக்கோணமாக இருக்காது, பக்கங்கள் இரண்டும் உள்வாங்கி வளையும். கணக்கு இதுதான்: நடு அச்சிலிருந்து கிடைமட்ட தூரம் எவ்வளவோ, அதை 0.414-ஆல் பெருக்கினால் அந்த இடத்தில் துண்டின் பாதி அகலம். அந்த அகலத்தை நேர் உயரத்தில் குறிக்கக் கூடாது, வளைவின் மீது நூல் பிடித்து அளந்த நீளத்தில் குறிக்க வேண்டும். பக்கவாட்டுப் படத்தை 1:300-க்கு அச்சடித்து, வளைவின் மேல் தையல் நூலை வைத்து, ஐந்து மில்லிமீட்டருக்கு ஒரு புள்ளி வைத்துக் குறித்தேன். மென்பொருளில் ஒரு நொடி வேலைதான். இருந்தாலும் நூலில் அளந்தால் எந்த இடத்தில் வளைவு திரும்புகிறது என்று கைக்குப் பிடிபடும்.

கணக்கு சரியாக வந்த பிறகும் கூரை படுத்திவிட்டது. 250 ஜி.எஸ்.எம் (ஒரு சதுர மீட்டருக்கு 250 கிராம்) ஐவரி போர்டை உருட்டி வளைத்து வைத்தால் அன்று இரவு அருமையாக இருக்கும். காலையில் பார்த்தால் பாதி நிமிர்ந்திருக்கும். சென்னைக் காற்றின் ஈரத்தில் எந்த அட்டையும் வளைத்த வளைவில் நிற்காது. ஒரு துண்டு கொஞ்சம் நிமிர்ந்தாலும் பக்கத்துத் துண்டோடு விளிம்பு சேராது. எட்டும் எட்டு விதமாக நிமிர்ந்தால் உச்சியில் கைவிரல் நுழையும் ஓட்டை விழும். கிரெயின், அதாவது தாளின் நார் ஓடும் திசையைப் பார்த்துத்தான் வெட்டினேன். கூரையின் அடி விளிம்புக்கு இணையாகக் கிரெயின் ஓடினால் வளைப்பது சுலபம். ஆனால் சுலபமாக வளைவது சுலபமாகவே நிமிரவும் செய்கிறது.

கடைசியில் கைகொடுத்தது இரட்டை அடுக்கு. தடித்த அட்டை ஒன்றுக்குப் பதிலாக மெல்லிய 120 ஜி.எஸ்.எம் தாள் இரண்டு. ஃபோம் போர்டில் வளைவுக்கு ஏற்ற விலா எலும்புகளை வெட்டி வரிசையாக நிறுத்தி, மேலே அட்டை போர்த்தி ஓர் அச்சு செய்துகொண்டேன். முதல் தாளை அதில் படுக்க வைத்து, வெள்ளைப் பசையை மெல்லிசாக இழுத்து, இரண்டாம் தாளை மேலே வைத்தாயிற்று. குழிந்த வளைவாயிற்றே, அதில் எதை வைத்து அழுத்துவது? ரப்பர் பேண்டு மேட்டில் மட்டும் பிடிக்கும், பள்ளத்தில் பிடிக்காது. ஜிப் கவரில் சலித்த ஆற்றுமணலை முக்கால் பாகம் நிரப்பி, காற்றை வெளியேற்றி மூடி, அதை மேலே படுக்க வைத்தேன். மணல் தானாகவே பள்ளத்தில் இறங்கி, எல்லா இடத்திலும் ஒரே மாதிரி அழுத்துகிறது. கவரை நிறையத் திணித்துவிட்டால் தலையணை மாதிரி நடுவில் மட்டும்தான் உட்காரும், அதனால் முக்கால்தான் அளவு. பசை காய்ந்து அச்சிலிருந்து எடுத்த துண்டை மேஜையில் ஒரு வாரம் போட்டு வைத்தாலும் அசையவில்லை. இரண்டு தாளும் ஒன்றையொன்று பிடித்துக்கொள்கின்றன, வளைவு எங்கும் ஓட முடியாது. வளைந்த கூரை கட்டும் யாரும் இதை ஒரு முறை செய்து பாருங்கள். காசு கொடுத்துச் சிறப்பு அட்டை தேட வேண்டாம்.

ஒட்டும்போது விளிம்பில் மடிப்புக் காது வைக்கவில்லை. வெளியே மேடு தெரியும். உட்புறம் டிரேசிங் பேப்பர் பட்டை கொடுத்து விளிம்போடு விளிம்பாகச் சேர்த்தேன். கூரைத் தகடுகளின் கோடுகளை வண்ணத்துக்கு முன்பே மை தீர்ந்த பால்பாயிண்ட் பேனாவால் அழுத்திவிட்டேன். செம்பில் பாசி ஏறிய அந்தப் பச்சையை அக்ரிலிக்கில் கொண்டுவர வெள்ளையும் துளி காவியும் சேர்க்க வேண்டியிருந்தது. வெறும் பச்சையை அடித்தால் பிளாஸ்டிக் பக்கெட் நிறம் வருகிறது.

தாளுக்கு எப்போதும் போல பாரிமுனை ஆண்டர்சன் தெருதான். கல்யாணப் பத்திரிகைக் கடைகளில் வெட்டி மிஞ்சிய நல்ல தாள் கட்டுக்கட்டாகக் கிடைக்கும், எடை போட்டுத் தருவார்கள். லேசர் கட்டிங்குக்கு ஒரு கடையில் விலா எலும்புகளைக் கொடுத்தேன். சொன்ன தேதிக்கு மூன்று வாரம் கழித்து, விளிம்பெல்லாம் கருகித் தந்தார்கள். அதைத் தேய்த்துச் சுத்தம் செய்த நேரத்தில் கையாலேயே வெட்டியிருக்கலாம். அங்கே வேலை பார்க்கும் பையன் மட்டும் ஆர்வமாக வந்து, "அண்ணே, இது எந்த ஊர் கோயில்ணே?" என்று கேட்டான். "கோயில் இல்ல தம்பி, ஜப்பான்ல ஒரு இண்டோர் ஸ்டேடியம்." "ஸ்டேடியத்துக்கு எதுக்குண்ணே கலசம்?"

நல்ல கேள்விதான். உச்சியில் இருக்கும் பொன்னிறக் குமிழுக்குக் கிபோஷி என்று பெயர். ஜப்பானியக் கோயில்களிலும் பழைய பாலங்களின் கைப்பிடித் தூண்களிலும் பார்க்கலாம். அந்த ஊர்க்காரர்களுக்கு அது வெங்காயம். எண்பதுகளில் வந்த ஒரு பாப் பாட்டு அதைப் பெரிய வெங்காயம் என்றே பாடியது. பக்கத்தில் உள்ள குதான்ஷிதா ரயில் நிலையத்தில் வண்டி புறப்படும்போது ஒலிப்பதும் அந்தப் பாட்டின் மெட்டுதான். என் வெங்காயம் சௌகார்பேட்டையில் ஆரி வேலைக்கு மணி விற்கும் கடையிலிருந்து வந்தது. பொன் முலாம் பூசிய மணியின் ஓட்டையில் பித்தளைக் குண்டூசியைத் தலைகீழாகச் செருகி, நுனியை மட்டும் வெளியே விட்டிருக்கிறேன்.

சரி, உள்ளே வருவோம். கூரையை மூடி மாதிரி கழற்றலாம், தரை தனித் தட்டு. தட்டை மாற்றினால் வேறொரு இரவு. இந்த மாடல் செய்ய ஆரம்பித்ததே அதற்காகத்தான். எனக்குக் காலி அரங்கத்தின் மாடலில் ஈடுபாடு இல்லை. இந்தக் கூரைக்குக் கீழே என்னென்ன நடந்திருக்கிறது என்று பார்த்தால் தட்டு போதாது. ஏப்ரலில் பல்கலைக்கழக வரவேற்பு விழா, ஆகஸ்ட் 15-ல் போரில் இறந்தவர்களுக்கு அஞ்சலி, மற்ற நாள்களில் ராக் கச்சேரி.

முதல் தட்டு முடிந்துவிட்டது: 1964 அக்டோபர் 23, ஜூடோவில் எடை வரம்பில்லாத ஓப்பன் பிரிவின் இறுதி. நெதர்லாந்தின் ஆன்டன் கீசிங்க், ஜப்பான் கூட்டத்தின் முன்னாலேயே ஜப்பானின் காமினாகாவை மடக்கிப் போட்டு ஜெயித்த நாள். தன் நாட்டு ரசிகர்கள் மேடைக்கு ஓடி வருவதைப் பார்த்துவிட்டு, அவர் கையை உயர்த்தி நிறுத்தினார் என்பது பிரபலமான கதை. 1:300-ல் ஆள் ஆறு மில்லிமீட்டர்கூட வரமாட்டான். அந்தக் கையை உயர்த்த ஊசியைச் சூடாக்கி, தோளில் ஒரு நொடி தொட்டு, நிமிர்த்தினேன். நான் சொன்னால்தான் தெரியும். தெரியாவிட்டாலும் பரவாயில்லை.

இரண்டாவது தட்டு 1966 பீட்டில்ஸ். ஜூன் 30, ஜூலை 1, 2 தேதிகளில் ஐந்து காட்சிகள், ஒவ்வொன்றிலும் 11 பாட்டு, அரை மணி நேரத்தில் முடிந்துவிடும். வீரக்கலைகளுக்கான இடத்தில் ராக் இசையா என்று வலதுசாரிகள் தெருவில் இறங்கினார்கள், ஆயிரக்கணக்கில் போலீஸ் நின்றது. மாடல்காரனுக்கு இது வரம். தரையில் நாற்காலியே போடவில்லை, ரசிகர்கள் மாடிப் படிவரிசைகளில் மட்டும்தான். ஒரு பக்கம் உயரமான மேடை, முன்னால் வெறுந்தரை. கூட்டத்துக்கும் பாடகர்களுக்கும் நடுவே அந்தக் காலி இடம் எவ்வளவு பெரிது என்பது படத்தில் தெரியாது, தட்டை வைத்து மேலிருந்து பார்த்தால்தான் உறைக்கிறது. அந்த மூன்று நாளுக்குப் பிறகு இங்கே வாசிக்காதவன் ராக்காரனே இல்லை என்றாகிவிட்டது. பாப் டிலனும் சீப் டிரிக் இசைக்குழுவும் 1978-ல் இங்கே பதிவு செய்த ஆல்பங்களின் பெயரிலேயே புடோகான் இருக்கிறது. எரிக் கிளாப்டன் 2023 ஏப்ரலில் நூறாவது முறையாக இங்கே மேடையேறினார்.

படிவரிசையில் உட்காரும் ஆயிரக்கணக்கான பேருக்கு என்ன செய்வது? கசகசா. கறுப்பு மையில் புரட்டிக் காயவைத்து, இரட்டைப் பக்க டேப்பில் தூவினால், தூரத்தில் தலை தலையாகத் தெரிகிறது. மறக்காமல் மேலே வார்னிஷ் அடியுங்கள், இல்லாவிட்டால் எறும்பு வந்து ரசிகர்களைத் தூக்கிக்கொண்டு போய்விடும்.

இப்போது மேஜையில் இருப்பது மூன்றாவது தட்டு, 1976 ஜூன் 26. முகமது அலியும் மல்யுத்த வீரர் அன்தோனியோ இனோகியும் மோதிய அந்த விசித்திரமான ஆட்டம். அலி அதற்கு நான்கு வருடம் முன்பே இதே அரங்கில் மாக் ஃபாஸ்டரோடு 15 சுற்று குத்துச்சண்டை போட்டிருந்தார், அதை யாரும் பேசுவதில்லை. 1976-ல் இனோகி ஆட்டத்தின் பெரும்பகுதியைத் தரையில் மல்லாந்து கிடந்தபடியே நடத்தினார். அங்கிருந்தே அலியின் கால்களை உதைத்துக்கொண்டிருந்தார். அலி விட்ட குத்துகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். 15 சுற்றும் முடிந்து டிரா என்று அறிவித்தார்கள். கூட்டம் கொதித்துப்போய் காசைத் திருப்பிக் கொடு என்று கத்தி, குப்பையை ரிங்குக்குள் எறிந்தது. உதை வாங்கிய அலியின் காலில் ரத்தம் கட்டிப்போனதுதான் மிச்சம். விளையாட்டாகப் பார்த்தால் அறுவை என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. மாடலுக்கு இதைவிட நல்ல இரவு கிடைக்காது.

சிக்கல் இனோகிதான். கட்டடக்கலை மாணவர்களுக்கு விற்கும் 1:300 பொம்மைகளில் நிற்பவன், நடப்பவன், உட்கார்ந்தவன் எல்லாம் உண்டு, மல்லாந்து கிடந்து உதைப்பவன் கிடையாது. உட்கார்ந்தவனை எடுத்து முதுகைச் சாய்த்து, ஒரு காலைச் சூட்டு ஊசியால் நீட்டிக்கொண்டிருக்கிறேன். அளவு தாண்டினால் கால் உருகிக் கம்பியாகிவிடுகிறது, உருகிய இனோகிகள் ஒரு சின்ன டப்பா நிறைய இருக்கிறார்கள். ரிங் மொத்தமே இரண்டு சென்டிமீட்டர் சதுரம். கயிறுக்குப் பட்டு நூலைப் பிரித்து ஒற்றை இழையாக எடுத்தேன், பருத்தி நூலில் பிசிறு அடிக்கிறது. குப்பைக்கு மட்டும் தேட வேண்டியதில்லை, மேஜையைத் தட்டினாலே போதும். ரிங்குக்கு மேலே விளக்கு வேண்டும், ரிச்சி தெருவில் மயிரளவு வயர் ஏற்கெனவே பற்றவைத்த குட்டி எல்.இ.டி. பத்துப் பத்தாகத் தருகிறார்கள். நாமே பற்றவைக்க நினைத்தால் கண் போய்விடும்.

அப்புறம் நான்காவது தட்டு, இன்னும் யோசனையில்தான் இருக்கிறது. 1980 அக்டோபர் 5, பாடகி யமகுச்சி மோமோயேயின் கடைசிக் கச்சேரி. வயது 21, உச்சத்தில் இருக்கும்போதே கல்யாணத்துக்காகப் பாடுவதை நிறுத்தினார். பாடி முடித்து, வெள்ளை மைக்கை மேடை நடுவில் வைத்துவிட்டுப் போனவர் திரும்ப மேடைக்கு வரவேயில்லை. அந்த மைக் இந்த அளவில் ஒரு மில்லிமீட்டர்கூட வராது. வெள்ளைத் தூரிகை மயிரில் ஒன்றை வெட்டி வைக்கலாம் என்று நினைக்கிறேன்.

இதற்கு நடுவே சிங்கப்பூர் இண்டோர் ஸ்டேடியம் வேறு மனசுக்குள் வந்து நிற்கிறது. 1989-ல் காலாங்கில் திறந்தது, கென்சோ தாங்கே வடிவமைத்தது. குழிந்து ஏறும் கூரைதான் அதற்கும், ஆனால் நான்கு பக்கம் மட்டும். மணல் பை வித்தை அங்கேயும் ஒத்துவரும் என்று தோன்றுகிறது. 2004-லும் 2012-லும் இந்தித் திரையுலகின் ஐஃபா விருது விழா அங்கேதான் நடந்தது, லேடி காகா 2012-ல் மூன்று இரவு பாடினார். தட்டுக்குப் பஞ்சமில்லை. அதே தாங்கே 1964 ஒலிம்பிக்குக்கே கட்டிய யோயோகி அரங்கத்தை யாராவது அட்டையில் செய்யச் சொன்னால் கும்பிடு போட்டுவிடுவேன். அந்தத் தொங்கு கூரையில் ஒரே திசை வளைவு என்ற பேச்சே கிடையாது.

புடோகானில் இன்னும் கூரையின் அடிப்பக்கம் பாக்கி. மேற்கூரை நடுவில் தொங்கும் பெரிய ஜப்பான் கொடியும் போட வேண்டும். கொடியைத் தாளில் செய்தால் விறைப்பாக நிற்கும், டிஷ்யூ பேப்பரை மாவுப்பசையில் நனைத்துத் தொங்கவிடப் போகிறேன். படுத்திருக்கும் 1:300 பொம்மை எங்கேயாவது விற்பதைப் பார்த்தால் சொல்லுங்கள், எத்தனை இருந்தாலும் வாங்கிக்கொள்கிறேன்.