முறிந்த வீல் ஸ்ரட்டை வீட்டு வாசலில் மாற்றிய அனுபவம்

நவம்பர் பிறந்தால் கனடாவின் ஸ்காபரோவில் குளிர்கால ரயர் பூட்டுகிற வேலை வந்துவிடும். வெப்பநிலை 7 பாகைக்குக் கீழே இறங்கினால் கோடைகால ரயரின் றப்பர் இறுகிப் பிடிப்புக் குறையும் என்பதால் பனி கொட்டும்வரை நான் காத்திருப்பதில்லை. எங்கள் ரொயோட்டா கொரோலாவின் முன் சில்லு ஒன்றில் ஐந்து நட்டுகளில் நாலு இலகுவாகக் கழன்றன. ஐந்தாவது அசையவில்லை. நீளமான பிடி போட்டு அமர்த்தினேன். கால் சுற்று வந்தது, பிறகு திடீரென்று இளகியது. "டக்" என்ற சத்தத்தோடு நட்டும் அதற்குள் சிக்கிய ஸ்ரட்டின், அதாவது சில்லின் துளைக்குள்ளால் நீட்டி நின்று நட்டைத் தாங்குகிற போல்டின், நுனியும் ஒன்றாகக் கையில் வந்தன.

முறிந்த முகத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். ஓரத்தில் மூன்றில் ஒரு பங்கு கறுத்துத் துருவேறிக் கிடந்தது. மிச்சம் சாம்பல் நிறத்தில், சீனிக் கட்டியை உடைத்தது போலப் பொடிப்பொடியாக மினுங்கியது. கறுத்த பகுதி பழைய வெடிப்பு. அப்படியென்றால் இந்த ஸ்ரட் பாதி முறிந்த நிலையிலேயே எத்தனையோ நாள் ஓடியிருக்கிறது. முந்தைய பருவத்தில் ரயர் மாற்றிய கடையில் நட்டுத் திருகுகிற காற்றுத் துப்பாக்கியால் அளவு பாராமல் இறுக்கியதை நானே பார்த்திருந்தேன். ஸ்ரட் என்பது இழுபட்டு நின்று சில்லைப் பிடிக்கிற உருக்கு. ஓர் எல்லைக்கு மேல் இழுத்தால் அது பழைய நீளத்துக்குத் திரும்பாது. அதோடு தெருவில் கொட்டுகிற உப்பும் சேர்ந்தால் சொல்ல வேண்டியதில்லை.

பக்கத்து வீட்டு அண்ணை எட்டிப் பார்த்தார். "நாலு நட்டு இறுக்கமாத்தானே கிடக்கு தம்பி, ஏப்ரலில பாப்பம்" என்றார்.

"இல்லை அண்ணை, தினமும் 401 நெடுஞ்சாலையில ஓடுற கார்" என்றேன்.

நாலு நட்டோடு கார் ஓடும்தான். ஆனால் முறிந்ததன் பங்குச் சுமை இரு பக்கத்திலும் நிற்கிற ஸ்ரட்டுகளில் ஏறும். அவையும் அதே துப்பாக்கியால் இறுக்கப்பட்டவை. பாரவூர்திகளில் ஒரு ஸ்ரட் முறிந்தால் இரு பக்கத்து ஸ்ரட்டுகளையும் சேர்த்தே மாற்றுவது வழக்கம். 1990களின் நடுப்பகுதியில் இந்த ஒன்ராறியோ மாகாணத்தின் நெடுஞ்சாலைகளில் பாரவூர்திச் சில்லுகள் கழன்று பறந்து வேறு வாகனங்களில் போனவர்கள் இறந்தார்கள். அதன்பின் 1997இல் வந்த சட்டப்படி, வணிக வாகனத்தின் சில்லு கழன்றால் அதை நடத்தும் நிறுவனத்துக்கு 2,000 முதல் 50,000 டொலர் வரை தண்டம். கவனமாகத்தான் இருந்தோம் என்று வாதாடித் தப்ப முடியாது. சொந்தக் காருக்கு அந்தச் சட்டம் இல்லை. ஆனால் கழன்ற சில்லு யாருடைய கார் என்று பார்த்து உருள்வதில்லை.

அதனால் மூன்று ஸ்ரட் வாங்கினேன். 12 மில்லிமீற்றர் தடிப்பு, 1.5 மில்லிமீற்றர் புரி இடைவெளி என்பது மட்டும் போதாது. தலைக்குக் கீழே பல்லுப் பல்லாக இருக்கிற கழுத்தின் தடிப்பும், மொத்த நீளமும் பொருந்த வேண்டும். கழுத்து மெல்லியதாக இருந்தால் சில்லைத் தாங்கிச் சுழல்கிற ஹப்பின் துளைக்குள் ஸ்ரட்டே சுற்றும். காரின் அடையாள இலக்கத்தைக் கொடுத்து வாங்குவதுதான் நல்லது. ஒன்று சில டொலர்தான்.

காரைத் தூக்கி ஸ்ராண்டில் இருத்தி, பின் சில்லுகளுக்குக் கட்டை வைத்தேன். டிஸ்க்கைக் கவ்விப் பிடிக்கிற பிரேக் கலிப்பரைத் தனியாகப் பிரிக்கத் தேவையில்லை. அதைத் தாங்குகிற பிராக்கெட்டின் பின்பக்கம் இருக்கிற இரண்டு 17 மில்லிமீற்றர் போல்டுகளைக் கழற்றினால் முழுதாக வரும். அதைக் கம்பியால் ஸ்பிறிங்கில் கட்டித் தூக்கி வைக்க வேண்டும். பிரேக் குழாயில் தொங்கவிடவே கூடாது. டிஸ்க்கும் ஹப்பும் இருந்த நிலையை மாக்கர் பேனாவால் குறித்துவிட்டு, துருவிளக்கி எண்ணெய் விட்டுச் சுற்றிவரத் தட்டினேன். டிஸ்க் வந்தது.

பழைய ஸ்ரட்டைப் பலர் சுத்தியலால் அடித்தே வெளியேற்றுவார்கள். அந்த அடி முழுவதும் வீல் பெயரிங்குக்குத்தான் போகும். எனக்கு அதில் விருப்பமில்லை. உதிரிப்பாகக் கடையில் வைப்புப் பணம் கட்டி, போல் ஜொயின்ற் கழற்றுகிற அழுத்தியை இரவல் வாங்கியிருந்தேன். தூசித் தகட்டில் இடைவெளி இருக்கிற பக்கத்துக்கு ஹப்பைச் சுற்றி, அழுத்தியைப் பூட்டித் திருகினேன். ஒரு வெடிச் சத்தம், அப்புறம் ஸ்ரட் பின்னால் விழுந்தது. மற்ற இரண்டும் அப்படியே.

புதியதைப் பூட்டுவதில்தான் பொறுமை வேண்டும். பின்பக்கமாக நுழைத்து, பழைய பற்களின் தடத்தில் புதிய பற்கள் உட்காரும்வரை விரலால் மெல்லத் திருப்பிப் பார்த்தேன். முன்பக்கம் தடித்த வாஷர்களை அடுக்கி, அவற்றுக்கு இடையில் கிறீஸ் பூசி, இரு பக்கமும் திறந்த தனி நட் ஒன்றின் தட்டைப் பக்கம் வாஷரில் படும்படி போட்டேன். பிறகு கைப்பிடியால் மட்டும் இழுத்தேன். இங்கே துப்பாக்கி வேண்டாம், ஏனென்றால் கைக்குத் தெரிய வேண்டிய ஒன்று இருக்கிறது. சீரான இறுக்கத்தோடு நட் திரும்பிக்கொண்டே வரும், பிறகு ஓரிடத்தில் சுவரில் முட்டியது மாதிரி நிற்கும். அப்போதுதான் தலை ஹப்பில் உட்கார்ந்திருக்கிறது. ரோர்ச் அடித்துப் பின்னால் பார்த்தேன். ஒரு ஸ்ரட்டின் தலைக்குக் கீழே கடதாசித் துண்டு நுழைந்தது. இன்னும் இழுத்தபின் நுழையவில்லை. அந்த இடைவெளியை விட்டிருந்தால் ஓட ஓடத் தலை உள்ளே போய், நட் தளர்ந்திருக்கும். இழுக்கப் பயன்பட்ட நட்டைக் குப்பையில் போட்டேன். அதன் புரி படாத பாடு பட்டிருக்கும்.

சில்லு பூட்டுமுன் ஹப் முகத்தின் துருவைக் கம்பி பிரஷால் உரசினேன். ஸ்ரட்டின் புரிக்கு எண்ணெயோ கிறீஸோ போடவில்லை. உப்புக்குப் பயந்து பலர் போடுகிறார்கள், பயம் நியாயமானது. ஆனால் வழவழத்த புரியில் அதே அளவு முறுக்கு ஸ்ரட்டை மிக அதிகமாக இழுத்துவிடும். கொரோலாவின் கையேடும் போடாதே என்றுதான் சொல்கிறது. நட்டுகளை ஒன்றுவிட்டு ஒன்றாக நட்சத்திர ஒழுங்கில், இரண்டு தவணையாக, குறித்த அளவு முறுக்கு வந்ததும் கிளிக் என்கிற ரோர்க் ரென்ச்சால் 103 நியூட்டன் மீற்றருக்கு இறுக்கினேன். அது 76 அடி இறாத்தல். கையில் அது அவ்வளவு பெரிய பலமாகத் தெரியாது. கடையில் துப்பாக்கி இறுக்கியதைக் கழற்ற முழு உடம்பையும் போட வேண்டியிருந்ததை நினைத்தால் வித்தியாசம் விளங்கும். இந்த வேலைக்கு ஒரு கருவிதான் வாங்கலாம் என்றால் ரோர்க் ரென்ச்சைத்தான் வாங்கச் சொல்வேன்.

ஏறத்தாழ 100 கிலோமீற்றர் ஓடியபின் மறுபடி பார்த்தேன். புதிய மூன்றில் ஒன்றின் நட் சற்று நகர்ந்த பிறகே ரென்ச் கிளிக் என்றது. கடதாசி நுழைந்த அதே ஸ்ரட். இன்னும் கொஞ்சம் ஓடிவிட்டுப் பார்க்கும்போது அது அசையவில்லை. மற்ற மூன்று சில்லுகளின் நட்டுகளையும் ஒவ்வொன்றாக இளக்கி, புரியைப் பார்த்து, 103க்கு இறுக்கிவிட்டேன்.