கோழிக்கூட்டுத் தரைக்கு உமி: ஒரு மாரி கடந்த அனுபவம்

விசுவமடுவில் எங்கள் வளவில் பத்தடிக்கு ஆறடி அளவில், சீமெந்துத் தரையும் தகரக் கூரையுமாக ஒரு கூடு கட்டி 24 ஊர்க்கோழிகளை வளர்த்து வருகிறேன். ஒரு கோழிக்கு இரண்டரைச் சதுர அடி கிடைப்பதால் இடநெருக்கடி இல்லை. தலையிடி தந்தது, தரையில் எதைப் பரப்புவது என்பதுதான்.

சிறுபோக அறுவடை முடிந்த கையோடு கிடைத்த வைக்கோலை நறுக்காமல் பரப்பியது என் முதற்பிழை. அது எச்சத்தோடு சேர்ந்து பாய்போலப் பின்னிக்கொண்டது. காய்ந்திருந்த மேற்பரப்பைத் தூக்கியபோது அடியில் வெள்ளைப் பூஞ்சணம் படர்ந்திருந்தது. பூஞ்சணத் தூள் கோழிகளின் சுவாசப்பையைத் தாக்கும் என்பதால் அன்றே முழுவதையும் அள்ளினேன். மரக்காலையில் வாங்கிய மரத்தூள் ஒரு கிழமைதான் தாக்குப்பிடித்தது.

பிறகு அரிசி ஆலையிலிருந்து உரப்பைகளில் உமி ஏற்றி வந்து நான்கு அங்குலத்துக்குப் பரப்பினேன். உமியில் சிலிக்கா மிகுதி. தண்ணீரை அவ்வளவாக உறிஞ்சாது. மழைக்கு முன் குறையாகத் தெரிந்த இந்தக் குணமே மாரியில் கைகொடுத்தது, ஏனெனில் உறிஞ்சாத பொருள், கிளறிவிட்டால் விரைவாகக் காய்ந்தும் விடுகிறது.

ஆனாலும் கார்த்திகையில் வாடைக்காற்றோடு தூவானம் வலைக்கூடாக அடித்து ஒரு மூலையை நனைத்துவிட்டது. நின்றபடி பார்த்த எனக்கு எதுவும் தெரியவில்லை. முட்டை எடுக்கக் குனிந்து, கோழியின் தலைமட்டத்துக்கு முகம் வந்தபோதுதான் அமோனியா மூக்கையும் கண்ணையும் அரித்தது. “சுண்ணாம்பைத் தூவிவிடு தம்பி” என்றார் பக்கத்துக் காணி ஐயா. ஈரக்கூளத்தில், அதாவது எச்சம் கலந்த ஈர உமியில், சுண்ணாம்பின் காரம் ஏறினால் அமோனியா இன்னும் கூடுதலாகக் கிளம்பும் என்பதால், அவர் மனம் நோகாமல் தலையாட்டிவிட்டு, கட்டிபட்ட கூளத்தை அள்ளிப் புதிய உமியைப் போட்டேன். அந்தப் பக்கத்துக்குப் படங்கும் கட்டினேன். உண்மையில் அது கூடு கட்டிய அன்றே செய்திருக்க வேண்டிய வேலை.

இப்போது காலையில் ஒரு பிடி கூளத்தை இறுக்கிப் பார்க்கிறேன். கையை விரித்ததும் உதிர்ந்தால் கிளறிவிட்டுப் போவேன்; உருண்டையாகவே நின்றால் அந்த இடத்தை அள்ளிவிடுவேன். பெரும்பாலும் உருண்டை பிடிப்பது தண்ணீர்ப் பாத்திரத்தைச் சுற்றித்தான். இரண்டு செங்கல் வைத்து அதை உயர்த்திய பின் அதுவும் குறைந்தது.

தை மாதம் அள்ளிய கூளத்தை மிளகாய்ப் பாத்திக்கென்று குவித்திருக்கிறேன். உமி இலேசில் உக்காது. குவியலின் நடுவில் இன்னும் கை வைக்க முடியாத சூடு.